எழுதப்போகிறவர்

எங்கள் குடியிருப்பில் இஸ்திரி போடுகிறவர்கூட அவரை "ரைட்டர் சார்" என்றுதான் கூப்பிடுகிறார். எழுதிய புத்தகம் எது என்று கேட்கக்கூடாது. எழுதப்போகிற புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் டிபனுக்கு முன்னால் விடமாட்டார். ராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் ஒளிந்திருக்கும் ஓர் ஒற்றன். எல்லாம் தயார். முதல் வாக்கியம் ஒன்றுதான் பாக்கி.

"விகாரம் ஏற்கெனவே பொன்னியின் செல்வனில் வந்துவிட்டதே?"

"கல்கி பார்த்த கோணம் வேற சார்."

இந்த ரகத்தினர் ஊருக்கு ஒருவராவது உண்டு. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அடுத்தவன் எழுதித் தொலைத்துவிட்டான் என்பது அவ்வளவு பெரிய அநியாயம்.

நம்மவருடைய மேஜையை ஒருமுறை பார்க்க வேண்டும். திருவள்ளூரில் கையால் கடைந்தெடுத்த எபோனைட் பேனா. அதற்கு நீலத்தில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என மைப்புட்டிகள். சாதாரணத் தாளில் மை ஊறுகிறது என்று வழவழப்பான கனத்த தாள் வரவழைத்தார். அதில் மை காய நேரமாகிறதாம். மனிதர் இடக்கைக்காரர் வேறு, கை பட்டுக் கலைகிறது. அந்தத் தாள்களைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அவருடைய கையெழுத்து, அதாவது கையொப்பம். "வெளியீட்டு விழாவுல வரிசையா போடணுமே, பழகி வெச்சுக்கிட்டா நல்லதுதானே" என்றார்.

பிறகு பேனாவே தடை என்று தோன்றி, கணினிக்கு மாறினார். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைத்தால் சிந்தனை ஆங்கிலமாகிவிடுமாம். ஆகவே தமிழ்99 விசைப்பலகையைப் பழகினார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு மளிகைச் சாமான் பட்டியல் அடிக்கிறார். அடுப்படியில் பேருதவி.

உற்சாகம் பிறக்க அவர் செய்யாத பரிகாரம் இல்லை. விக்டர் ஹ்யூகோ நோத்ரதாம் நாவலை முடிப்பதற்காக வெளியே போகும் உடுப்புகளையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு, ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள். நம்மவரும் வேட்டி சட்டைகளைக் கட்டி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு துண்டோடு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துக் கூரியர் பையன், கேஸ் சிலிண்டர்காரர், சந்தா வசூலிக்கக் காவலாளி என்று வரிசையாக மணியடித்தார்கள். நாவல் நகரவில்லை. "துவைக்கிற வேலையாவது ஒருநாள் மிச்சம்" என்றார் அந்த அம்மா.

நானும் சும்மா இருக்காமல் ட்ரோலோப்பைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலேயர், தபால் இலாகா உத்தியோகம். விடியற்காலையில் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். ஒரு நாவல் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். இப்படியே 47 நாவல்.

"அது குமாஸ்தா வேலை சார்."

"கல்கி மூன்றரை வருஷம் தொடர் எழுதினாரே?"

"அவருக்கென்ன, சொந்தப் பத்திரிகை."

"சுஜாதா? பெங்களூரில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே…"

"அப்போ வாட்ஸ்அப் ஏது?"

போன ஐப்பசியில் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, இவர் அறைச் சுவர் ஓதம் காத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். பேனா தேடவில்லை, மூட் வரக் காத்திருக்கவில்லை. பேத்தியின் கணக்கு நோட்டு, மூடி தொலைந்த பால்பாயின்ட் பேனா. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லையாம்.

மனுவை எனக்குப் படிக்கக் கொடுத்தார். முதல் பத்தியில் சுவரில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறை. அடுத்த பக்கத்தில் அது இலங்கைத் தீவாகிறது. பிறகு பிளம்பர் பிரவேசம்: காதில் பீடி, கையில் டெஃப்லான் டேப், வாயில் "நாளைக்கு வரேன் சார்". மேல்வீட்டுக்காரர் கதவை நாலு விரல் மட்டும் திறந்து, சங்கிலியைக் கழற்றாமலே மன்னிப்புக் கேட்கும் காட்சி இருக்கிறதே, படித்தபோது நிஜமாகவே பொறாமையாக இருந்தது. சோழன்மேல் அவருக்குக் கோபம் ஏதும் இல்லை. மேல்வீட்டுக்காரர்மேல் வண்டி வண்டியாக இருந்தது. படித்தே தீரவேண்டிய வாசகர் ஒருவர் வேறு கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுதுகிறவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆவன செய்யப்படும்" என்று செயலாளர் ஒற்றை வரியில் பதில் போட்டார். கொதித்துப்போய் இரண்டாம் பாகம் எழுதினார். அது முதலாவதைவிட நீளம். செயலாளரின் மனைவி மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டே அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினாராம்.

"பேசாமல் இதையே நாவலாக எழுதுங்களேன்" என்றேன்.

"குழாய்க் கசிவையா?" ஏற இறங்கப் பார்த்தார். "சார், நான் எழுதறது ராஜேந்திர சோழன்!"

மூன்றாம் பாகம் பாதி எழுதியிருந்தபோது, மேல்வீட்டுக்காரர் வேறொரு பிளம்பரைக் கூட்டிவந்து அரைமணியில் கசிவை அடைத்துவிட்டார். சுண்ணாம்புகூட அவர் செலவிலேயே அடித்துக் கொடுத்தார். மறுநாள் லிஃப்டில் நம்மவரைப் பார்த்தேன். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாதியில நிக்குது சார். மனுஷனை நிம்மதியா எழுத விடறாங்களா?"