கற்பனைக்கு வேலை உண்டு!

‘இப்படியொருவர் வந்தால் வேலை கொடுப்பீர்களா?’ என்று முதலாளிகளிடம் கற்பனையாகக் கேட்டு ஆய்வு செய்கிறார்களாமே, நம்பலாமா?
– வாசகர், சங்கராபுரம்

கற்பனை ஆளுக்குச் சம்பளம் தர வேண்டாமே, தாராளமாகக் கொடுப்பார்கள்! அமெரிக்காவின் மில்வாக்கியில், சிறை சென்று வந்தவரை எடுப்பீர்களா என்று கேட்டதற்குப் பத்தில் ஆறு முதலாளிகள் தலையாட்டினார்கள். அதே முதலாளிகளிடம் முன்பே அப்படி ஆளனுப்பிப் பார்த்ததில், திரும்பக் கூப்பிட்டது வெள்ளையரை 17 சதவீதம், கறுப்பரை 5 சதவீதம். ‘வரதட்சணையே வேண்டாம்’ என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்ததில்லையா?

நம் நாட்டில்?

ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் கேள்வியே கேட்கவில்லை. 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முடிவு 2007-இல் வெளியானது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது. அதனால்தான் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்கிறார்கள்.

அப்போ கற்பனைக் கேள்வி வீணா?

யார் சொன்னது? கணக்கெழுத ஒரு பெண் வந்தால் எடுப்பீர்களா என்று கேளுங்கள். ஒரு படிவத்தில் அவர் ஊர் மலையூரான வெள்ளிமலை, இன்னொன்றில் சங்கராபுரம், மற்றதெல்லாம் அப்படியே. பதில் மாறினால் உறுத்தியது எது என்று பிடிபட்டுவிடும். நேரில் ஆளனுப்பி இப்படிப் பல விதமாகச் சோதிப்பது கடினம்.

மனதை அறியக் கேள்வித்தாள் உதவும். நடப்பை அறியச் சம்பளப் பட்டியலையும் புரட்டுங்கள்!