ஓலோனியில் வாங்கிய ‘ஏ’

கேள்வி: ஃப்ரீமான்ட் ஓலோனி கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பெண் யுசி டேவிஸுக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) மாறுகிறாள். வாங்கிய ‘ஏ’ கிரேடெல்லாம் கூடவே வருமா?

பதில்: வாசல்வரை வரும்! ஸீட் வாங்கிக் கொடுத்ததோடு அவற்றின் வேலை முடிந்தது. பழைய பாடங்களுக்கு அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட் வரை யுசி ஏற்றுக்கொள்ளும். ஜிபிஏ மட்டும் புதுக்கணக்கு.

இப்படிக் கல்லூரி மாறுகிறவர்களுக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் சறுக்குவது பழைய கதை. அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹில்ஸ் 1965-லேயே இதற்கு ‘மாறுதல் அதிர்ச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார். ஓலோனியில் நிதானமான செமஸ்டர். டேவிஸில் பத்தே வாரக் குவார்ட்டர். லைப்ரரிக்கு வழி பிடிபடுவதற்குள் மிட்டர்ம் வந்து நிற்கும்.

சறுக்கியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த பருவங்களில் எழுந்துவிடுகிறார்கள். முதல் குவார்ட்டரில் கெமிஸ்ட்ரியையும் கால்குலஸையும் ஒன்றாக அடுக்க வேண்டாம். இரண்டாவது வாரமே பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸில் போய் உட்காரட்டும்.