மாநாட்டை வரவழைக்கும் மகானுபாவர்

அமெரிக்க தேசத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் வரும் என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. அந்தத் தேர்தலுக்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, அபேட்சகர் யார் என்பது அபேட்சகருக்கே தெரியாத காலத்தில், அவருக்குப் பட்டம் கட்டப்போகும் கட்சியின் தேசிய மாநாட்டைத் தம் ஊரில்தான் நடத்தியாக வேண்டுமென்று கச்சை கட்டிக்கொண்டு புறப்படும் மகானுபாவர் ஒருவர் அங்கே பெருநகரந்தோறும் உண்டு என்பது அவ்வளவாகப் பிரசித்தி பெறாத சங்கதி. அவர் சில ஊர்களில் மேயராக இருப்பார். சில ஊர்களில் ஹோட்டல் முதலாளியாக இருந்துகொண்டு மேயரைத் தூங்கவொட்டாமல் அடிப்பவராக இருப்பார். உத்தியோகம் எதுவாயினும் சுபாவம் ஒன்றே.

இவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. துக்க வீட்டுக்குப் போனாலும், வெளியூரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதைத்தான் இவர் முதலில் விசாரிப்பார். ஊரின் நடுவே ஓடும் நதி மற்றவர்களுக்கு நதி. இவருக்கோ வாணவேடிக்கை விடுவதற்கென்றே பகவான் வெட்டிவைத்த வாய்க்கால். தேவாலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து இவர் கைகூப்பி நின்றாரானால், பக்தி மேலிட்டுவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது; தொலைக்காட்சிப் படத்தில் அது பின்னணியாக எப்படி விழும் என்று யோசிக்கிறார். ஜூலை மாதத்து வெயிலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் இவருக்குக் காது மந்தமாகிவிடும்.

இவருக்குக் கட்சி உண்டா என்று கேட்டால், உண்டு, மாநாடு எதுவோ அதுதான். ரிபப்ளிகன் கட்சிக்கு யானை சின்னம், டெமாக்ரடிக் கட்சிக்குக் கழுதை சின்னம். இவர் எழுதும் விண்ணப்பத்தில் யானை என்று வரும் இடங்களில் கழுதை என்று திருத்தினால் அதே காகிதம் மறு கட்சிக்கும் செல்லும். குமாஸ்தா ஓரிடத்தில் திருத்த மறந்துவிட்டால்தான் ஆபத்து. இது பரிகாசத்துக்குச் சொன்னதன்று. 1952-இல் சிகாகோவும், 1972-இல் மயாமி பீச்சும் இரண்டு கட்சிகளையும் ஒரே கோடையில் அடுத்தடுத்து உபசரித்து அனுப்பியிருக்கின்றன. 1948-இல் பிலடெல்பியா நகரமோ இரண்டோடு நிற்காமல், புதிதாக முளைத்த முற்போக்குக் கட்சி ஒன்றின் மாநாட்டுக்கும் சேர்த்து மூன்று பந்திகள் போட்டது.

கட்சியின் இடத்தேர்வுக் குழுவினர் ஊரைப் பார்வையிட வரும் நாளில்தான் மகானுபாவரின் முழு சொரூபமும் பிரகாசிக்கும். பெண் பார்க்க வரும் சம்பந்திகளை எதிர்கொள்ளும் தகப்பனார், வாசலுக்கு வெள்ளையடித்து, கடன்காரனைக் கொல்லைப்புறமாக அனுப்பிவைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாரே, அந்தக் கோலத்தில் விமான நிலையத்தில் நிற்பார். குழுவினர் போகும் சாலையில் மட்டும் பள்ளங்கள் தூர்ந்திருக்கும். அவர்கள் வண்டிக்கு மட்டும் சந்திதோறும் பச்சை விளக்கு எரியும். ஹோட்டல் அறைகள், பிரதிநிதிகளை ஏற்றி இறக்கும் பஸ்கள், மாநாட்டு மண்டபத்தின் கூரை எத்தனை விளக்குகளின் பாரத்தைத் தாங்கும் என்பது எல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். பார்க்கக் கூடாதது எதுவோ, அதற்கும் வழி உண்டு. 1968-இல் சிகாகோவில் மாநாடு கூடியபோது, மண்டபத்துக்குப் போகும் பாதையோரத்து ஏழைக் குடியிருப்புகள் பிரதிநிதிகளின் கண்ணில் பட்டுவிடாமலிருக்கப் புதிய மரவேலிகள் நிறுத்தப்பட்டன. அந்த வருஷத்து மாநாட்டைப் பற்றிப் பிற்காலத்தவர் நினைவில் நின்றது வீதியில் போலீஸாரின் தடியடியேயன்றி, வேலியின் வேலைப்பாடு அன்று.

இந்தக் கோத்திரத்துக்கு மூலபுருஷராக நார்மன் ஜட் என்பவரைச் சொல்லலாம். 1859 டிசம்பரில் ரிபப்ளிகன் கட்சியின் தேசியக் குழு நியூயார்க்கில் கூடி, அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு இடம் தேடிய சமயத்தில், அவரவரும் தத்தம் தலைவருக்கு அனுகூலமான ஊரையே வேண்டிப் பிடிவாதம் பிடிக்க, ஜட் என்பவர் பரமசாதுவைப்போல எழுந்து, தம்முடைய இல்லினாய் மாகாணத்தில் சொல்லிக்கொள்ளும்படியான அபேட்சகர் எவரும் இல்லையாதலால் சிகாகோவே பட்சபாதமற்ற பொது இடம் என்று வாதித்தார். ஒரே ஒரு வாக்கில் செயின்ட் லூயிஸ் நகரம் தோற்றது. சிகாகோவாசிகள் ‘விக்வாம்’ என்ற பெயரில் ஏறக்குறைய 10,000 பேர் கொள்ளும் மரக்கொட்டகை ஒன்றை அவசர அவசரமாக எழுப்பினார்கள். ரயில்வே கம்பெனிகளின் வக்கீலான ஜட், உள்ளூர் மாகாணத்து ஜனங்கள் திரள்திரளாக வந்து கோஷமிடுவதற்கென்று டிக்கட் விலையைக் குறைக்க ஏற்பாடு செய்ததோடு, எதிர்த்தரப்பாரான நியூயார்க் பிரதிநிதிகளின் நாற்காலிகளை, மனம் ஊசலாடுகிறவர்களின் பக்கத்தில் அவர்கள் போய்ப் பேசமுடியாதபடி தூரத்தில் போடவும் செய்தார். மூன்றாம் சுற்று வாக்கெடுப்பு முடிந்தபோது, அபேட்சகரே இல்லாத அந்த மாகாணத்திலிருந்து ஆபிரகாம் லிங்கன் வெளிப்பட்டார். அன்று முதல், ‘எங்களுக்கென்று ஒன்றுமில்லை’ என்று ஒரு நகரம் சொன்னால், கேட்கிறவர்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.

ஜட்டுக்குச் சாமர்த்தியம் இருந்தது. ஹூஸ்டன் நகரத்து ஜெஸ்ஸி ஜோன்ஸுக்குச் சாமர்த்தியத்தோடு செக்குப் புத்தகமும் இருந்தது. 1928-ஆம் ஆண்டு டெமாக்ரடிக் மாநாட்டுக்காகப் பல ஊர்கள் மன்றாடிக்கொண்டிருக்கையில், ஊராரைக் கலந்துகொள்ளாமலே 2 லட்சம் டாலரைத் தம் சொந்தப் பொறுப்பில் தருவதாக அவர் முன்வந்துவிட்டார். மகளுக்கு வரன் முடிந்துவிட்டது என்று தந்தியில் அறிந்த தாயாரைப்போல ஹூஸ்டன் மகாஜனங்கள் திகைத்து, பிறகு மகிழ்ந்து, அதன் பிறகே பந்தலுக்கு மரம் தேடினார்கள். ஊரின் பெயர் பெற்ற ஹோட்டலான ரைஸ் ஹோட்டல் ஜோன்ஸுக்குச் சொந்தமானது என்பதை இங்கே குறிப்பிட்டால், அவருடைய ஊர்ப்பற்றைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் கருதலாகாது. தர்மமும் ஆதாயமும் ஒரே வாசலில் நுழைவது உலகத்தில் புதிதன்று.

செலவைப் பற்றிக் கேட்டால் மகானுபாவர் ஒரு கணிதம் சொல்வார். பிரதிநிதி கொடுக்கும் ஒரு டாலர் டாக்ஸிக்காரனிடம் போய், அவனிடமிருந்து நாவிதரிடம் போய், அவரிடமிருந்து ரொட்டிக்கடைக்குப் போய், போகும் வழியெல்லாம் குட்டி போட்டுக்கொண்டே போகுமாம். பிரதிநிதிகளுக்கு அஞ்சி அந்த நாலு நாளும் ஊருக்குள் தலைகாட்டாத உள்ளூர் வாடிக்கைக்காரர்களின் டாலரும் அவ்வாறே குட்டி போட்டிருக்குமே என்று கேட்பவர் நகர நலத்துக்கு விரோதி. பந்தோபஸ்துச் செலவு என்னாகும் என்றால், 2004 முதல் ஐந்து தேர்தல்களிலும் மாநாட்டுக்கு 5 கோடி டாலர் வீதம் மத்திய சர்க்காரே கொடுத்ததே என்பார். ஊர்ப் பணம் இல்லையாதலால் அது பணமே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

விருந்தாளி வந்தபின் நடப்பதுதான் வேடிக்கை. 1924-இல் நியூயார்க் நகரம் டெமாக்ரடிக் கட்சியை அழைத்தது. வந்தவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்றுகள் வாக்களித்து, ஜூன் 24-ஆம் தேதி தொடங்கிய மாநாட்டை ஜூலை 9 வரை இழுத்தார்கள். ஹோட்டல்காரருக்குப் பேரின்பம், கையிருப்புக் கரைந்துபோன பிரதிநிதிக்கோ பரம சங்கடம். 1948-இல் பிலடெல்பியா மண்டபத்தில் வெயில் புழுக்கத்தோடு விளக்குகளின் உஷ்ணமும் சேர்ந்து வாட்ட, நள்ளிரவுக்குப் பின் டெமாக்ரடிக் கட்சியின் ஜனாதிபதி ட்ரூமன் பேசவிருந்த வேளையில், சமாதானத்தின் சின்னமாகப் பறக்கவிடப்பட்ட புறாக்கள் சமாதானத்தை மறந்து மேடையெங்கும் சிறகடித்தன. சபையை நடத்திய சாம் ரேபர்ன் ஒரு புறாவைப் பிடித்து எறிய வேண்டியதாயிற்று. 1964-இல் அட்லாண்டிக் சிட்டி, மங்கிய தன் சோபையை மீட்பதற்கென்றே மாநாட்டை அழைத்தது. வந்த பத்திரிகையாளர்களோ ஹோட்டல்களின் பழமையையே நாடெங்கும் பறைசாற்றினார்கள். 2012-இல் டாம்பாவுக்கு ரிபப்ளிகன் கட்சியோடு புயலும் அழைப்பின்றி வர, முதல் நாள் நிகழ்ச்சிகளையே தள்ளிவைத்தார்கள்.

கிட்டாதவர்கள் பாடு அதைவிட ரசமானது. 1972-இல் ரிபப்ளிகன் மாநாடு ஸான் டியேகோவுக்கு என்று முடிவாகி, தாம்பூலம் மாற்றியாயிற்று என்று ஊர் நம்பியிருந்த வேளையில், பெரிய கம்பெனி ஒன்று வாக்களித்திருந்த நன்கொடையைப் பற்றிய அபவாதமும் வேறு சிரமங்களும் கிளம்பி, மூன்று மாதம் இருக்கையில் கட்சி மயாமி பீச்சுக்கு ஓடிவிட்டது. மேயர் பீட் வில்ஸன் முக்காடிட்டு மூலையில் உட்காராமல், ‘அமெரிக்காவின் தலைசிறந்த நகரம்’ என்று ஒரு வாரத்தையே கொண்டாடச் செய்தார். வந்திருந்தால் நாலு நாளில் மறந்துபோயிருக்கக் கூடிய மாநாடு, வராமற்போன காரணத்தால் ஊருக்கு நிரந்தரப் பட்டம் ஒன்றை வைத்துவிட்டுப் போயிற்று. மில்வாக்கியோ ஹூஸ்டனையும் மயாமியையும் வென்று 2020-ஆம் ஆண்டு டெமாக்ரடிக் மாநாட்டைப் பெற்றது. கொள்ளைநோய் வந்து எல்லாம் திரையிலேயே நடந்தேற, அபேட்சகர் தம் ஊரான டெலவேர் மாகாணத்து வில்மிங்டனில் இருந்தபடியே பட்டம் ஏற்றார். அந்த மனத்தாங்கல் ஆறுமுன்பே, 2022-இல் நாஷ்வில் நகரசபை ரிபப்ளிகன் கட்சியை வேண்டாமென்று ஒதுக்க, மில்வாக்கி மகானுபாவர் கழுதைக்கு வைத்த தட்டை யானைக்கு நீட்டிவிட்டார்.

மாநாட்டின் கடைசி இரவு, அபேட்சகர் கைகளை உயர்த்தி நிற்க, கூரையிலிருந்து ஆயிரக்கணக்கான பலூன்கள் உதிரும் நேரத்தில் நம்மவரை மண்டபத்தில் தேடினால் அகப்படமாட்டார். ஹோட்டல் கூடத்தில், வேற்றூர்ப் பிரதிநிதி ஒருவரின் தோளைத் தொட்டு, நெருங்கிய உறவினரின் உடல்நிலையை விசாரிக்கும் குரலில் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்:

“உங்கள் ஊரில் அறைகள் மொத்தம் எத்தனை, ஐயா?”