வாலுதான் கத்துது, கண்ணு

வா கண்ணு, உக்காரு. மொதல்ல மோரைக் குடி. சோலார் மோட்டாருக்குக் கண்ட்ரோலர் மாட்டி, தண்ணி பீச்சறதைப் போட்டோ புடிச்சுட்டுப் போனியே, அன்னைலிருந்து பகல்ல என்ற ரேடியோவுல கோயமுத்தூர் டேசன் வர்றதில்ல. 999-ல வெச்சா கொர்ருங்குது. உங்கம்முச்சிகூட மூச்சு விடாம இத்தனை நேரம் பேசுனதில்ல. பொழுது எறங்குனா நல்லாக் கேக்குது. கெழவனுக்கு ராத்திரிலதான் காது தெறக்குதாம், உங்கம்மா சொல்றா.

நீயும் சும்மா இல்ல, கண்ட்ரோலர் பொட்டியைச் சுத்தித் தகரம் அடிச்சே. கொழந்தை அழுதா தொட்டிலுக்குப் பெயிண்ட் அடிச்ச கதைதான். நான் ரேடியோ ரிப்பேர்ல சோறு தின்னவன், கேளு. பொட்டிக்குள்ள கரண்டுக்கு நொடிக்கு 8,000 வெட்டு. ஒவ்வொரு வெட்டும் சாணை புடிச்ச அருவா. 500 வோல்ட்டு ஒரு மைக்ரோ நொடில பத்துல ஒரு பங்குக்குள்ள எந்திரிச்சு நிக்குது. அத்தனை வெடுக்குனு எந்திரிச்சா, மடங்கு மடங்காப் பேரன்மாரு பொறப்பானுக. 125-வது பேரன் 1,000 கிலோ ஹெர்ட்ஸ்ல குடியேறுவான். 999-க்குப் பக்கத்தூடு!

அவனுக்குக் கத்தறதுக்கு வாய் வேணுமே. அதை நீ கட்டிக் குடுத்தே, வரப்போரமாக் குச்சி நட்டு 75 மீட்டர் மோட்டார் வயரை வாலாட்டம் தொங்கவுட்டு. 999-க்கு அலை நீளம் 300 மீட்டர். கால் பங்கு எத்தனை? ஏரியல் கட்டறவன் காசு வாங்கிட்டு வெக்கற அளவு, சாமி!

வயருக்கும் மண்ணுக்கும் நடுவால, மோட்டார் காயிலுக்கும் பாடிக்கும் நடுவால கண்ணுக்குத் தெரியாத கெப்பாசிட்டர் இருக்குது. ஒவ்வொரு வெட்டுக்கும் மூணு பேஸ்லயும் ஒரே பக்கமாப் போற கரண்டு அது வழியா மண்ணுல எறங்கி, ஊரைச் சுத்திட்டு ஊடு சேருது. உன்ற கம்ப்யூட்டர்ல கலர் கலராப் படம் போட்டியே, அதுல இந்த வயர் எங்கப்பா? மூணையும் ஒண்ணா ஒரு கிளாம்ப்புக்குள்ள வுட்டு அளந்து பாரு. கடையில விக்கற 50 ஹெர்ட்ஸ் கிளாம்ப் இல்ல, மெகா ஹெர்ட்ஸ் பாக்கறது. மிச்சம் காட்டறான் பாரு, அவன்தான் திருடன். 30 மெகா ஹெர்ட்ஸ்ல ஒரு மீட்டர் வயர்ல எட்டு மைக்ரோ ஆம்பியர் ஓடுனாப் போதும், வீட்டுச் சாமானோட எரைச்சலுக்கு விதிச்ச வரம்பை 3 மீட்டர்ல தொட்டுரும். 1934-லயே பாரிசுல சிஸ்பர்னு சபை கூடுனாங்க. கொர்ருங்கற ரேடியோ அப்பவே உலகப் பஞ்சாயத்து.

பெரைட் வளையம் போட்டேன்னே, பேஸுக்கு ஒண்ணா! மோட்டார் கரண்டுலயே வயிறு முட்டி அது படுத்துக்கும். மூணு வயரும் ஒரே வளையத்துக்குள்ள போகோணும். அப்புறம் எர்த்து வயரும் உள்ளயே ஓடற ஆர்மர்டு கேபிள் வாங்கி மண்ணுல பொதை. போன வருசம் மேக்காலத் தோட்டத்துல செஞ்சாப்ல, ஆர்மர் கம்பியை முழ நீளத்துக்குக் குடுமி போட்டு எர்த்துல முடிச்சுராதே. கிளாண்டு வெச்சுச் சுத்தியும் கவ்வ வெய்யி, ரெண்டு முனையிலயும்.

என்ன, வெட்டோட சாணையை மழுக்கறியா? செய்யி. பொட்டி சூடேறும், அதுக்கொரு ஃபேன் வெப்பே, அதுவொரு சத்தம்.

மோர் தீந்துதா? அந்தத் தகரத்தைக் கழட்டிக் குடு, கோழிக்கூட்டுக்கு ஆகும்.