நூறுக்குக் கொஞ்சம் கீழே

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், அப்பத்தாக்கள் எதையெல்லாம் ‘இடத்தை அடைக்குது’ என்று பரணில் ஏற்றினார்களோ அதெல்லாம் கௌரவமாக வீற்றிருக்கும். பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குவாளி, ரவிவர்மா அச்சுப்படம், பாகம் பிரிக்கையில் யாருக்கும் வேண்டாமல் போன அஞ்சறைப்பெட்டி. பெங்களூருப் பெண்மணி ஒருவர் அதில் கம்மல் வைக்கப் போகிறாராம். கடுகுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே இங்கே ஒரே பொருளுக்கு இரண்டு வயது. நமக்கு விலை சொல்லும்போது, “நூத்தம்பது வருசத்துச் சாமான்ணே, ஆச்சி சீராக் கொண்டாந்தது!” பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுக்காரர் கப்பலில் அனுப்ப முடியுமா என்றதும், அதே சாமான் சட்டென்று தொண்ணூறுக்கு இறங்கிவிடும். காயகல்பம் தேடி மலை மலையாக அலைந்த சித்தர்கள் இந்தத் தெருவை எட்டிப் பார்த்திருக்கலாம். விலை மட்டும் இறங்குவதில்லை.

நீங்களும் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ரசீதில் வயதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.