லைட்டு மினுங்குனா படம் ஓடிருமாலே?

ஏலே மருமவனே, கம்ப்யூட்டரப் புதுசா மாத்தப் போறியாமே? ஒங்கம்மை சொன்னா. புள்ளையோட மொதப் பொறந்தநாள் வீடியோவ வெட்டி ஒட்ட உக்காந்தியாம். கேக் வெட்டுத எடத்துல படம் திக்குதாம், நிக்குதாம், பெறவு நாலு எட்டுத் தாவுதாம். ஒடனே ஒரு லிஸ்டு போட்டுட்ட. ஐ9 பிராசசர், 64 ஜிபி ராம், ஜென் 5 எஸ்எஸ்டி, தண்ணி ஓடுத கூலரு, கண்ணாடிப் பொட்டி, அதுக்குள்ள கலர் கலரா மினுங்குத ஆர்ஜிபி லைட்டு. கூட்டிப் பாத்தா ஒன் நாலு மாசச் சம்பளம். நல்லாயிருக்குடே. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அந்த லைட்டு ஒரு பிரேமையாவது வேகமா ஓட்டுமா?

சிரிக்காத. இந்தப் பொட்டி வாங்குத பயலுவள்ல பாதிப் பேரு லைட்டுக்குத்தான் வாங்குதான். கேட்டா எடிட்டிங்குக்குங்கான்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதலே. நானும் கல்யாண வீடியோ எடுத்துக் கஞ்சி குடிச்சவந்தான். ரெண்டு விசிஆர் பொட்டிய வச்சுக்கிட்டு, ஒண்ணுல ஓட்டி ஒண்ணுல பதிஞ்ச காலம் அது. நடுவுல ஒரு சீனு விட்டுப்போச்சுன்னா பின்னால உள்ளது பூராவும் மறுபடி பதியணும். பொண்ணோட சித்தப்பா மூஞ்சி வரலன்னு சண்டைக்கு வருவான் பாரு, அன்னைக்கு ராத்திரி ஒறக்கம் கெடையாது. பெறவு மினிடிவி கேசட்டு வந்துச்சு. ஒரு மணி நேரக் கேசட்ட உள்ள ஏத்த ஒரு மணி நேரம் ஆவும். 13 ஜிபி எடத்த முழுங்கும். கையில இருந்தது பென்டியம் 4, ராம் 512 எம்பி. படம் திக்குச்சா? இல்ல. ஒன் பழைய பொட்டியே அதவிட எத்தனையோ மடங்கு பெருசு. அப்ப இது மட்டும் ஏன் திக்குது? ரோசிச்சியா? நீ ரோசிக்கல. கடைக்காரன் ரோசிச்சிட்டான், ஒன் பர்ஸப் பத்தி.

வெவரத்தக் கேட்டுக்கோ. ஐபோன்ல 4கே வீடியோ, செகண்டுக்கு 30 பிரேம்னு வச்சு எடுத்தா, எச்.265ங்கத சுருக்குத மொறையில நிமிசத்துக்கு 170 எம்பிதான் வருது. அம்புட்டுப் பெரிய படம் எப்பிடி இம்புட்டுச் சின்னதாச்சு? மளிகைக் கடைப் பத்து நோட்ட நெனச்சுக்கோ. மொத வரியில பழைய பாக்கி முழுசா இருக்கும். அதுக்குப் பெறவு சீனி அரைக் கிலோ, நல்லெண்ணெ கால் லிட்டருன்னு அன்னன்னைக்கு வாங்குனத மட்டுந்தான் எழுதுவான். பதினஞ்சாம் தேதி பாக்கி எவ்வளவுன்னு கேட்டா, மொத வரியிலேர்ந்து கூட்டிக்கிட்டே வரணும். எச்.264, எச்.265 ரெண்டும் இதே கணக்குத்தான். ஒரு முழுப் படம், பெறவு கொஞ்ச நேரத்துக்கு மாறுனது மட்டும். நீ டைம்லைன் நடுவுல போயி விரல வச்சேன்னா, கம்ப்யூட்டரு முந்துன முழுப் படத்தத் தேடிப் புடிச்சு, அங்கேர்ந்து கூட்டிக்கிட்டு வரணும். அதான் மூச்சு வாங்குது. என் மினிடிவில ஒவ்வொரு பிரேமும் தனித்தனி முழுப் படம். கூட்டலே கெடையாது. பென்டியமே போதுமா இருந்துச்சு. இப்ப பைல சுருக்குன சொமைய ஒன் பிராசசர் தலையில எறக்கி வச்சிட்டான்.

இந்தக் கூட்டலப் போடுததுக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி உண்டு. இன்டெல்காரன் அதுக்கு குயிக் சிங்க்னு பேரு வச்சு 2011லயே எறக்கிட்டான். ஏழாந் தலைமுறையிலேர்ந்து 10 பிட் எச்.265ஐயும் அது சொமக்கும். ஒன் போன் எடுக்குத வீடியோவுக்கு அது தாராளம். இதுல ஒரு பொடி இருக்கு கேளு. பிராசசர் பேருக்குக் கடைசில ‘எப்’னு ஒரு எழுத்து ஒட்டியிருந்தா, அதுல உள்கிராபிக்ஸ் கெடையாது. குயிக் சிங்கும் அதோட போச்சு. வெலை கொறையுதேன்னு அதத் தூக்கிட்டு வாரவன் எத்தன பேரு தெரியுமா? எதுக்கு எடுத்தோமோ அதையே வெட்டிப் போட்டுட்டு வந்துருக்கான், மூதி. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டா அது கூட்டும்பான். போன் வீடியோன்னா கூட்டும், சரி. நாளைக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி, பெரிய ஒளிப்பதிவாளரு மாதிரி 4:2:2 10 பிட்டுல எச்.265 எடுப்பியே, அப்ப என்விடியா கார்டுல பாதிக்கு மேல கைய விரிச்சிரும். 2025ல வந்த 50 வரிசை கார்டுலதான் அவன் அதையே சேத்தான். இன்டெல் உள்கிராபிக்ஸ் பதினோராந் தலைமுறையிலயே செஞ்ச வேலை அது. வெலை கூடுனது ஒசத்தின்னு எவன்லே ஒனக்குச் சொன்னான்?

சரி, இருக்குத பொட்டியில எது நோவுதுன்னு பாத்தியா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்பார்மன்ஸ் பக்கத்தத் தெறந்து வச்சுக்கிட்டு, படம் திக்குத எடத்த ஓட்டிப் பாரு. பிராசசரு நூத்துக்கு நூறு நின்னுக்கிட்டு, கிராபிக்ஸ்ல ‘வீடியோ டிகோட்’ கோடு தூங்குச்சுன்னா, கூட்டல் போடுதவன எழுப்பவே இல்லன்னு அர்த்தம். நீ வெட்டுத மென்பொருள் பிரீமியர்னா செட்டிங்ஸ்ல போயி ஹார்டுவேர் டிகோடிங்குக்கு டிக் போடு. ராமு நெறஞ்சு வழிஞ்சா ராம். டிஸ்க்கு நூறுல நின்னா டிஸ்க்கு. காசு செலவழிக்குததுக்கு முன்னால கண்ணச் செலவழி. இந்த மூணு பட்டனுக்கு ஜிஎஸ்டி கெடையாது.

அப்பவும் திக்குதா? பிளேயர் சன்னலுக்குக் கீழ படத்தோட தரத்தப் பாதி, கால்னு கொறைக்க ஒரு எடம் இருக்கும். கொறச்சுப் போடு. வெட்டுதவனுக்குப் பாப்பா மூக்குல வேர்வை தெரியணும்னு என்ன கட்டாயம்? கடைசில எக்ஸ்போர்ட் பண்ணும்போது முழுத் தரத்துலதான் வரும். அதுக்கும் மேல பிராக்சின்னு ஒண்ணு. ஒவ்வொரு வீடியோவுக்கும் எளகுவா ஓடுத ஒரு சின்னக் காப்பி எடுத்து, அத வச்சு வெட்டணும். முடிச்சதும் மென்பொருளே அசல எடுத்துக்கிடும். பிரீமியர்ல இருக்கு, டாவின்சி ரிசால்வ் ஓசிப் பதிப்புலயே இருக்கு. ராத்திரி சாப்பிடும்போது போட்டு விட்டேன்னா காலையில ரெடி. ஏன்டே, இது ஒனக்குத் தெரியாமப் போச்சு? செலவில்லாத வைத்தியத்த எவன் வெளம்பரம் பண்ணுவான்?

கம்மித் தரக் காப்பிய வச்சு வெட்டுதது கௌரவக் கொறச்சல்னு நெனச்சிராத. வால்டர் மர்ச்னு ஹாலிவுட் எடிட்டர் ஒருத்தரு. 2003ல வந்த ‘கோல்ட் மவுண்டன்’ படத்த ஆப்பிள் பவர் மேக் ஜி4ல, பைனல் கட் புரோவுல வெட்டுனாரு. பிலிம்ல எடுத்தத கம்மித் தரக் காப்பியா எறக்கித்தான் வேலை பாத்தாரு. எடிட்டிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரையே கெடச்சுது. அந்த ஜி4 இன்னைக்கி ஒன் சட்டைப் பையில கெடக்க போனுக்கு ஈடாகுமா? நீ பாப்பா கேக்கு மேல கைய வச்சத வெட்டுததுக்கு ஐ9 கேக்குத.

டிஸ்க்குக்கு வருவோம். நிமிசத்துக்கு 170 எம்பின்னா செகண்டுக்கு எவ்வளவு? மூணு எம்பி. பழைய சுத்துத ஹார்ட் டிஸ்க்கே செகண்டுக்கு நூறு எம்பிக்கு மேல குடுக்கும். நீ லிஸ்டுல எழுதுன ஜென் 5 எஸ்எஸ்டி பத்தாயிரம் எம்பிக்கு மேல குடுக்குமாம். மூணு எம்பி வாங்கப் பத்தாயிரம் எம்பிக்கு ரோடு போடுதியே, ஒன்ன நெடுஞ்சாலைத் துறையில சேத்துருக்கணும். அதுக்காக எஸ்எஸ்டியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். விண்டோஸ் இன்னும் சுத்துத டிஸ்க்குல கெடந்துச்சுன்னா, மொத வேலையா அத எஸ்எஸ்டிக்கு மாத்து. மென்பொருள் எழுதித் தள்ளுத கேச் பைலும் அதுலயே இருக்கட்டும். கொறஞ்ச செலவுல பெரிய சொகம் அதுதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும். பென் டிரைவுலேர்ந்து நேரா எடிட் பண்ணுதவனுக்கு மட்டும் எங்கிட்ட மருந்து கெடையாது.

ராம் 8 ஜிபி வச்சுக்கிட்டு 4கே வெட்டுதது பாவம். 16 வேணும், 32ன்னா நிம்மதி. 64ங்கது ஒன் பொழப்புக்கு எதுக்கு? குரோமுல நாப்பது பக்கத்தத் தெறந்து வச்சுக்கிட்டு ராம் பத்தலங்க. அத மூடுனாலே நாலு ஜிபி கெடைக்கும். வாங்குனா ஒத்தக் குச்சியா வாங்காத, ஜோடியா வாங்கு. ரெண்டு வழியாவும் ஓடும். மாட்டுன கையோட பயாஸ்ல போயி எக்ஸ்எம்பிய ஆன் பண்ணு. இல்லேன்னா வேகமான ராம் வாங்கி மெதுவா ஓட்டிக்கிட்டு இருப்ப. 2025 கடைசியிலேர்ந்து ராம் வெலை வேற கொதிக்குது. ஏஐகாரன் டேட்டா சென்டருக்குன்னு அள்ளிக்கிட்டுப் போறான். அவன் சண்டைக்கு நாம தெண்டம் கட்டுதோம். லேப்டாப்புன்னா, தெறந்து போட எடம் இருக்கா, இல்ல போர்டோட ஒட்டி வச்சிட்டானான்னு கேட்டுட்டு வாங்கு.

கிராபிக்ஸ் கார்டப் பத்திக் கடைக்காரன் ஒரு மணி நேரம் பேசுவான். நான் ரெண்டு வாக்கியம் பேசுதேன். வெட்டி, ஒட்டி, பேரு போட்டு, பின்னால ஒரு பாட்டு வைக்கதுக்குப் பெரிய கார்டு தூங்கும். ரிசால்வ்ல ஒக்காந்து கலர் சேக்க, இருட்டுப் படத்துல புள்ளி நீக்கன்னு இறங்குனா, அப்ப 8 ஜிபி மெமரி உள்ளது ஒண்ணு வாங்கு. வாங்குனா அதுக்குக் கரண்டு குடுக்குத எஸ்எம்பிஎஸ்ஸையும் பாத்துக்கோ. கேபினெட்டோட சும்மா வருத எஸ்எம்பிஎஸ் மேல 500 வாட்டுன்னு ஸ்டிக்கரு இருக்கும். ஸ்டிக்கரு ஒட்ட என்ன காசா பணமா? நம்மூரு கரண்டு வேற போயிப் போயி வரும். கார்டு முழு மூச்சுல ஓடும்போது கரண்டு போனா, ஒங்க வீட்டுச் சின்ன யுபிஎஸ் கீச்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் படுத்துக்கிடும். பாதி எக்ஸ்போர்ட்ல.

தூசி தட்டுனியா மருமவனே? பேனுக்குள்ள பஞ்சு அடைச்சுக் கெடந்தா சிப்பு சூடாயி, தானே வேகத்தக் கொறச்சுக்கிடும். லேப்டாப்ப மெத்தை மேல வச்சு எடிட் பண்ணுத புண்ணியவான்வளும் இருக்கான். சார்ஜர் மாட்டாம ஓட்டிட்டு, மெதுவா இருக்குன்னு கொறை சொல்லுதவனும் இருக்கான்.

இன்னொண்ணு. வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போவுதுன்னு ஒங்கம்மை சொன்னா. அதுக்கு எந்தக் கடையிலயும் சாமான் கெடையாது. போனு செகண்டுக்கு 30 பிரேம்னு சொல்லிட்டு, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏத்தாப்புல கூட்டிக் கொறச்சுத்தான் எடுக்கும். சில மென்பொருளு அதுல தடுமாறும். ஹேண்ட்பிரேக்னு ஓசியா ஒரு மென்பொருள் இருக்கு. அதுல ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’னு போட்டு மாத்தி எடுத்துட்டு வெட்டு. ஐ9 போட்டாலும் வாய் ஒரு பக்கந்தான் போவும், கொஞ்சம் வேகமாப் போவும்.

சரி, வெட்டி முடிச்சு எங்கன போடப் போற? பேமிலி வாட்சப் குரூப்லதான? அவன் அத நசுக்கிப் பிழிஞ்சுல்லா அனுப்புவான். ஒன் அத்தை கண்ணாடியத் தேடி எடுத்து, கீறல் விழுந்த போன்ல, சத்தத்தக் கொறச்சுட்டுப் பாப்பா. மூணு நிமிசம் பாப்பா. நீ எவ்வளவு வச்சிருக்க? ஒண்ணே முக்கா மணி நேரமா? எளவு, அந்த விசேசமே ஒரு மணி நேரந்தானலே நடந்துச்சு!

அது போவட்டும். அந்த வீடியோவுக்கு இன்னொரு காப்பி எங்கன இருக்கு? போன்ல மட்டுந்தானா? அந்தப் போன் பாப்பா கையில, பாப்பா தண்ணித் தொட்டிகிட்ட. நல்ல ஏற்பாடு. மொத ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கு வாங்கி இன்னைக்கு ராத்திரியே ஏத்து. இன்னொரு டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து ஒன் மாமனார் வீட்டுல குடுத்து வையி. அந்த மனுசன் கைக்குப் போன சாமான் வெளிய வந்ததா சரித்திரமே கெடையாது, பத்திரமா இருக்கும்.