சீறாமல் கேளுங்கள்!

ஏலகிரியில் ராஜநாகம் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததே, பார்த்தீர்களா?
– ஜோலார்பேட்டை வாசகர்

பார்த்தேன். வீடியோதான் ஏலகிரிக்கு வந்திருக்கிறது, பாம்பு வரவில்லை. ராஜநாகத்துக்கு மண்ணும் காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ராஜநாகம் அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. நமக்கோ 1,000 மில்லிமீட்டர் பெய்து ஏரி கோடி போனாலே கிடா வெட்டுவோம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம் என்றாலும், காடு வறண்ட காடு. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி அது இங்கே வந்து என்ன செய்யும், படகுத்துறையில் வரிசையில் நிற்குமா?

அப்படியானால் நம்ம மலைகளில் விஷப் பாம்பே இல்லையா? தைரியமாகப் புதருக்குள் போகலாமா?
– வாணியம்பாடி கல்லூரி மாணவர்

இந்த ‘அப்படியானால்’தான் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் மலை, சமவெளி என்று பேதம் பார்ப்பதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மூங்கில் குழிவிரியனும் உண்டு. ஏற்காட்டில் ஒருமுறை காபிச் செடியை விலக்கக் கை நீட்டினேன். பச்சை இலைகளில் ஒன்றுக்குக் கண் இருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு குழி. எலியின் உடற்சூட்டை இருட்டிலும் அதற்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் குழிதான். நான் கையை இழுத்து, வியர்த்து, டீ குடித்துத் திரும்பி வந்தபோதும் அது அதே கிளையில் அப்படியே கிடந்தது. பகலில் அசையாமல் கிடப்பதே அதன் உத்தியோகம்.

எங்கள் கம்பெனியில் பாம்புத்தோல் டிசைனை ஆட்டுத்தோலில் அச்சுப் போடுகிறோம். நிஜப் பாம்புத்தோல் ஏன் வருவதில்லை?
– ஆம்பூர் ஷூ கம்பெனி ஊழியர்

வந்தால் உங்கள் முதலாளி உள்ளே போவார். ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் பிடித்துத் தந்த பாம்புத்தோல் கைப்பையாகவும் பெல்ட்டாகவும் வெளிநாடு போனது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை. 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இப்போது வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். உரித்தால் ஒரே ஒருமுறைதான் காசு! பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ராஜநாகத்துக்குப் பெயர் மாற்றிவிட்டார்களாமே? கெஜட்டில் வந்ததா?
– திருப்பத்தூர் தாலுகா ஆபீஸ் வாசகர்

உங்களுக்கு அந்தக் கவலை! உலகம் முழுவதும் ஒரே ராஜநாகம் என்று நினைத்திருந்தோம். நான்கு வெவ்வேறு இனங்கள் என்று 2024-ல் பிரித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரருக்கு ‘காளிங்கா’ என்று பெயர்; கன்னடத்தில் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே அழைத்ததுதான். இதில் ஒரு சிக்கல்: பரந்த ஆசியா முழுக்க உறவு உள்ளவர் என்று நினைத்தவருக்கு இப்போது இருப்பது ஒரே மலைத்தொடர். அங்கே காடு துண்டானால் போய் ஒண்ட வேறிடம் கிடையாது. சருகை உடம்பாலேயே கூட்டிக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடுவது பாம்புகளில் ராஜநாகங்கள் மட்டும்தான். சருகு வேண்டுமென்றால் மரம் வேண்டுமே.

வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்து ஏலகிரிக் காட்டில் விட்டால் புண்ணியம்தானே?
– நாட்றம்பள்ளி இல்லத்தரசி

உங்களுக்குப் புண்ணியம், அதற்கு நாடுகடத்தல். ஆகும்பேயில் ராஜநாகங்களின் உடலுக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். வேறிடத்தில் விடப்பட்ட ஆண் பாம்பு, சொந்த இடத்தில் இருந்த பாம்பைவிட வெகுதூரம் அலைந்தது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், அருகிலேயே விடச் சொல்லுங்கள். அதற்குமுன் கொல்லையில் பாம்பு ஒண்ட இடம் தரும் செங்கல் குவியலை எடுத்துவிடுங்கள். மூன்று வருடமாக மாமா எடுக்கிறேன் என்கிறாராமே?